ஒரே ரிதிம், அஞ்சு குரல்: டிவாலி மாதிரி ஒண்ணு நம்ம பக்கம் கட்டறது எப்படி?

கொழிஞ்சாம்பாறை_கீஸ்:

வணக்கம்ங்க. கும்மாட்டித் திருவிழா சீசனுக்கு ஒரு ரிதிம் (பாட்டுக்கு அடியில ஓடற தாளமும் பேஸும் சேர்ந்த ட்ராக்) தயார் பண்றோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பாடறவங்க அஞ்சு பேர். ரெண்டு பேர் தமிழ், ரெண்டு பேர் மலையாளம், ஒருத்தர் ரெண்டையும் கலந்து. ஜமைக்காக்காரங்க செய்யற மாதிரி ஒரே ட்ராக் மேல ஆளுக்கொரு பாட்டு, அப்புறம் மேடையில அஞ்சையும் இடைவெளி விடாம அடுத்தடுத்து ஓட்டணும்.

மாதிரிக்கு எடுத்துக்கிட்டது ஜமைக்காவோட டிவாலி ரிதிம். ஷான் பாலோட கெட் பிஸி, வெய்ன் வொண்டரோட நோ லெட்டிங் கோ, லூமிடியோட நெவர் லீவ் யூ, மூணுக்கும் அடியில ஓடறது ஒண்ணேதான். ஆனா மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத பாட்டு. எங்களோடதுல அஞ்சு பேர் பாடியும் மெட்டு ஒண்ணுதான், வரிதான் வேற வேற.

ட்ராக் விவரம்: 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 அடி), ஜி மைனர். கிக், ஸ்னேர், கைதட்டு, பேஸ், ரெண்டு பேடு (நீட்டி ஒலிக்கற கீபோர்டு சத்தம்), மேல நாதஸ்வரச் சத்தத்துல ஒரு லீடு (முன்னால கேக்கற மெட்டு). நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) சுத்திச் சுத்தி வருது. பாடகர்களுக்கு அனுப்பினதுல கைடு மெட்டும் (இப்படிப் பாடுங்கன்னு வழிகாட்டற மெட்டு) சேர்ந்து இருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. சிங்காரி மேளம் (கேரளத்துச் செண்டை மேளம்) உள்ள வைக்கலாமா? டீம்ல இருக்கற சேட்டன் ஒருத்தர் பஞ்சாரி மேளமே வைக்கலாம்ங்கறார். அப்புறம் பதிவு மூணு இடத்துல நடக்குது, இங்க, பாலக்காடு, கோயமுத்தூர். எந்த ஃபார்மட்ல கொடுத்து எந்த ஃபார்மட்ல வாங்கறது?


செலக்டர்_வாளையார்:

நீங்க கொடுத்த ட்ராக் விவரத்தோட கடைசி வரியிலயே பதில் இருக்குங்க. கைடு மெட்டோட அனுப்பினா அஞ்சு பேரும் அந்த மெட்டைத்தான் பாடுவாங்க. ரிதிம் மேல குரல் பதியற முறையில கைடுன்னு ஒண்ணு கிடையாது. வெறும் ட்ராக் போகும். மெட்டு, பேச்சு நடை, எங்க நுழையறது, எங்க விடறது எல்லாம் பாடறவர் பொறுப்பு. ஒருத்தர் பாடி முடிச்சதை அடுத்தவருக்குப் போட்டுக் காட்டவும் கூடாது. அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல வெறும் ட்ராக்கை அனுப்புங்க.

ரெண்டாவது குற்றவாளி அந்த நாதஸ்வர லீடு. மேல ஒரு மெட்டு ஓயாம ஓடிட்டு இருந்தா பாடறவர் காது அதுலயே ஒட்டிக்கும். நாலு கார்டும் அப்படித்தான், கார்டு மாறற இடத்துலதான் எல்லாரும் ஸ்வரம் மாத்துவாங்க.

டிவாலி கட்டினது ஸ்டீவன் மார்ஸ்டன், எல்லாரும் லெங்கின்னு கூப்பிடறவர். 2002ல க்ரீன்ஸ்லீவ்ஸ் கம்பெனி ஒரே ரிதிம் பாட்டுகளா அடுக்கற தன்னோட வரிசையில அதுக்குன்னே ஒரு ஆல்பம் போட்டாங்க. அதுல முன்னால நிக்கறது கைதட்டு. வழக்கமான ஸ்னேர் செய்யற வேலையை கைதட்டு செய்யுது, மத்ததெல்லாம் பின்னால பதுங்கி இருக்கு. பாட்டைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போற சமாச்சாரம் எதுவும் இல்ல.

அந்தக் காலி இடத்தை மூணு பேரும் எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு பாருங்க. ஷான் பால் ரெண்டு மூணு ஸ்வரத்துக்குள்ளயே நின்னு, துண்டு துண்டா, தாளத்துக்கு மேலயே ஏறி அடிக்கறார். அது 2003 மே மாசம் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100ல முதலிடம். வெய்ன் வொண்டர் அதே கைதட்டு மேல நீட்டி இழுத்து லவ்வர்ஸ் பாணியில, அதாவது காதல் ரெகே பாணியில பாடறார். கைதட்டு ஓடற ஓட்டத்துக்கு அவர் ஓடவே இல்ல, பாதி வேகத்துல மிதக்கறார். அது 11 வரை போச்சு. லூமிடி நியூயார்க் பொண்ணு. அதுல சிந்த் எல்லாம் கிட்டத்தட்ட கழட்டி விட்டு, கைதட்டும் டிரம்மும் மட்டும் வெச்சு, மெல்லிசான குரல்ல கொக்கியை, அதாவது மனசுல மாட்டிக்கற பல்லவி வரியை, திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அது 3. இது போக பவுன்டி கில்லர், எலிஃபன்ட் மேன்னு வரிசையா ஆள் இருக்காங்க.

இதுக்கு ஒரு சோதனை உண்டு. பாடகர்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ட்ராக் மேல நீங்களே மூணு விதமா முணுமுணுத்துப் பாருங்க: ஒண்ணு நீட்டி இழுக்கறது, ஒண்ணு பேச்சு வேகம், ஒண்ணு ரெண்டு சொல் சொல்லி ஒரு பார் (நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுத்து) சும்மா விடறது. மூணாவது வகை நிக்கலைன்னா ட்ராக்ல சாமான் அதிகம்னு அர்த்தம். உங்க ட்ராக்ல ஒரு பேடும் லீடும் வெளிய போகணும். கார்டு நாலை ஒண்ணாக்குங்க, மனசு வரலைன்னா ரெண்டு. லீடை வேணும்னா முதல் நாலு பார் இன்ட்ரோவுல மட்டும் வெச்சுக்கங்க, ரிதிமுக்கு அடையாளமா இருந்துட்டுப் போகட்டும்.

கூலி டான்ஸ் ரிதிமையும் பக்கத்துல வெச்சுக் கேளுங்க. ஸ்கட்டா பரெல் 2003ல கட்டினது. நினா ஸ்கையோட மூவ் யா பாடி, பிட்புல்லோட கூலோ ரெண்டும் அதுலதான். இந்தப் பேரெல்லாம் எங்கிருந்து வருதுன்னு யோசிக்கறவங்களுக்கு: 1845ல ப்ளண்டெல் ஹண்டர் கப்பல்ல ஜமைக்காவுல இறங்கின ஒப்பந்தக் கூலிகள்ல இருந்து அங்க நம்ம நாட்டு ஆளுங்க இருக்காங்க.


ஆக்டோபேட்_மீனாட்சிபுரம்:

தாளத்தை நான் சொல்றேன். ஒரு பாரை 16 படியா பிரிச்சுக்கங்க. 100 பிபிஎம்ல ஒரு படி 150 மில்லிசெகண்ட், ஒரு பார் 2.4 செகண்ட்.

டான்ஸ்ஹால்ங்கற இந்த ஜமைக்கா இசையோட எலும்பு மூணு மூணு ரெண்டு. மிருதங்கம் பழகினவங்களுக்கு தகிட தகிட தக. எட்டுப் படிக்கு ஒரு தடவை, ஒரு பாருக்கு ரெண்டு தடவை. அடி விழற படிகள் 1, 4, 7, 9, 12, 15. இதுல 1லயும் 9லயும் கனமான கிக், 4லயும் 12லயும் லேசான கிக், 7லயும் 15லயும் கைதட்டு. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல வந்த டெம் போங்கற ரிதிம் வகையில கிக் 1, 5, 9, 13ன்னு நேரா நடக்கும், ஸ்னேர் 4, 7, 12, 15ல விழும். ரெக்கேட்டோன்ங்கற ஸ்பானிஷ் பாட்டு வகை முழுக்க அந்த வகைதான். உங்க ட்ராக்ல ரெண்டையும் ஒரே நேரத்துல போடாதீங்க. 4ல கிக்கும் ஸ்னேரும் மோதிக்கும், அடி தெளிவா கேக்காது.

கைதட்டுக்கு சாம்பிள் பேக்ல இருந்து ஒண்ணை எடுத்துக் காப்பி போட்டா மெஷின்கன் மாதிரி கேக்கும். நாலு பேரை மைக்ல இருந்து ஒண்ணரை மீட்டர் தள்ளி நிக்க வெச்சு, 8 பார் நிஜமா தட்ட வெச்சுப் பதிவு பண்ணுங்க. மூணு டேக். ஒரு டேக்கை மட்டும் படிக்கு நேரா இழுத்து வைங்க, மத்த ரெண்டையும் தொடவே வேண்டாம். 10, 20 மில்லிசெகண்ட் முன்ன பின்ன இருக்கறதுதான் கூட்டமா கேக்க வைக்கும். 40ஐத் தாண்டினா தட்டு ரெட்டையா பிளந்துடும், அதை மட்டும் வெட்டுங்க.

பேஸ்: ஜி ஸ்வரம்னா 49 ஹெர்ட்ஸ். நல்ல இடம், மாத்தாதீங்க. பாடகருக்காக ஈ ஸ்வரத்துக்கு இறக்கினா 41க்குப் போயிடும். நம்ம பக்கத்து மைக் செட் பெட்டிகள் பலதுல அந்த ஸ்வரம் வெறும் காத்தாத்தான் வரும். கிக்கோட வால் 300 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது, தாண்டினா பேஸ் மேல படுத்துக்கும்.

செண்டைக்கு வருவோம். வலந்தலை (செண்டையோட கனத்த சத்தப் பக்கம்) அடி மட்டும்னா தாராளமா வைங்க, 1ஆம் படியில கிக்கோட சேர்த்து. நாலு பாருக்கு ஒரு தடவை போதும். இடந்தலை (கணீர்னு கேக்கற பக்கம்) உருட்டு வேணும்னா குரல் இல்லாத இடத்துல. இலத்தாளம் கூடவே கூடாது. அந்த வெண்கலத் தாளத்தோட சலங்கைச் சத்தம் மூணாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல முழுசா உக்காந்துக்கும். ச, ஸ, த எல்லாம் அடியோட போயிடும், வரியே புரியாது.

பஞ்சாரி வேண்டாம்னு சேட்டன்கிட்ட கணக்காவே சொல்லுங்க. அது ஆறு அட்சரம். 16 படி பார்ல ஆறாறா வெச்சா 48 படிக்கு, அதாவது மூணு பாருக்கு ஒரு தடவைதான் தலை சேரும். பாட்டு நடக்கறது நாலு, எட்டுன்னு. எட்டு பார் முடியறப்ப மேளம் ஆறுல ரெண்டாவது அட்சரத்தோட நிக்கும், கொக்கி நடு மேளத்துல விழும். 24 பார் கொண்ட தனிப் பகுதியா கடைசியில வெச்சா மட்டும் ரெண்டும் சேர்ந்து முடியும்.


மேளப்பிரியன்_சித்தூர்:

இலத்தாளம் கூடவே கூடாதுங்கறது கொஞ்சம் ஓவர். குரல் நிக்கற எட்டு பார் பிரேக்ல இலத்தாளம் இல்லாம சிங்காரி மேளம்னா கேக்கறவனுக்கு டிரம் லூப்தான். பிரேக்ல வைங்க, குரல் வர்றதுக்கு ஒரு பார் முன்னாடி நிறுத்துங்க. அதோட ரீங்காரம் அடங்க அவ்வளவு நேரம் வேணும். பஞ்சாரியை ஒரு பார்ல பன்னிரண்டா, மும்மூணா அடிச்சா கணக்கு சேரத்தான் செய்யும். ஆனா தகிட தகிட தகவோட சண்டை போடும், அதையும் ஒத்துக்கறேன்.


ஆக்டோபேட்_மீனாட்சிபுரம்:

பிரேக்ல மட்டும்னா சரி. அதைத் தனி ஸ்டெம்மா (தனி ஆடியோ ஃபைலா) வெச்சுக்கங்க, மெயின் ட்ராக்ல கலந்துடாதீங்க. அஞ்சு பாட்டுக்கும் பிரேக் ஒரே இடத்துல வராது.


பாட்டு_வேலந்தாவளம்:

பாடறவங்க பக்கத்துல இருந்து சில விஷயம்.

ஜி சுருதி அஞ்சு பேருக்கும் ஒத்து வரும், ஸ்கேல் மாத்த அவசியம் இல்லை. ஜி சுருதின்னா 5 கட்டை. பெண்களுக்கு அது பழகின ஷட்ஜம், அங்கிருந்து மேல் ஸ்தாயி மத்யமம் வரை சௌகரியமா போகலாம். 1, ஒண்ணரைக் கட்டையில பாடற ஆண்கள் மந்தர பஞ்சமத்துல இருந்து மத்ய ஸ்தாயி மத்யமம் வரைக்குள்ள மெட்டை வெச்சுக்கட்டும். ஷட்ஜத்துல ஆரம்பிக்கணும்னு கட்டாயம் இல்லை. ஒருத்தர் பஞ்சமத்தைச் சுத்தியும் இன்னொருத்தர் காந்தாரத்தைச் சுத்தியும் பாடினாலே ரெண்டு மெட்டாயிடும். கார்டு ஒண்ணா இருந்தாத்தான் இந்தச் சுதந்திரம். நாலு கார்டு ஓடினா ஒவ்வொண்ணுக்கும் ஸ்வரத்தை மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது வரி. ஜமைக்கா டீஜேக்கள், அங்க டீஜேன்னா மைக்ல பாடறவர், இசைத்தட்டு போடறவர் செலக்டர், வரியோட கடைசி அசையிலதான் அடிப்பாங்க. அந்த அசை கைதட்டு மேல விழும். தமிழ்ல நமக்குக் கை தானா போறது எதுகை மோனைக்கு, அதாவது வரியோட தலைக்கு. தலையில எல்லா அழகையும் வெச்சுட்டு வால்ல "இருக்கிறதே, நடக்கிறதே"ன்னு இழுத்து விட்டா தாளம் தொங்கும். இந்த வகைப் பாட்டுக்கு இயைபு, அதாவது வரிக் கடைசி ஒலி ஒத்துப்போறது, பலமா இருக்கணும். வினைச்சொல்லை முன்னால தள்ளிப் பெயர்ச்சொல்லைக் கடைசியில வைங்க.

உதாரணத்துக்கு ரெண்டு வரி:

சந்தை கலையுது சாயங்காலம்
சங்கதி சொல்லுது செண்டை மேளம்

குறிலுக்கு ஒரு படி, நெடிலுக்கும் ஒற்று ஒட்டின எழுத்துக்கும் ரெண்டு படி. சந் ரெண்டு, தை ரெண்டு, க, லை, யு, து நாலும் ஒவ்வொரு படி (லை இங்க குறுகிடும்). எட்டு ஆச்சு. சா, யங், கா, லம் ரெண்டு ரெண்டா இன்னொரு எட்டு. கடைசி "லம்" சரியா 15ஆம் படியில ஆரம்பிக்குது, கைதட்டும் அங்கதான். ரெண்டாவது வரியில "ளம்" அதே இடம். காதுக்கு இயைபு அடிக்கறது இதனாலதான்.

இதுல இருக்கற கோளாறு மூச்சு. ரெண்டு வரியும் 16 படியையும் நிரப்பிடுச்சு. மூணாவது வரியையும் இப்படியே எழுதினா பாடறவர் முழுங்கிக்கிட்டே ஓடுவார். மூணாவது வரியை எட்டுப் படியில முடிச்சு மீதியைச் சும்மா விடுங்க. அந்தக் காலி இடத்துலதான் கைதட்டு கேக்கும், கூட்டம் கத்தும்.

மலையாளத்துல பாடறவங்களுக்கு வேற பிரச்சினை. நீண்ட சொல் சேர்க்கை இயல்பாவே வரும், 150 மில்லிசெகண்டுக்குள்ள இரட்டை ஒற்று நசுங்கிப் போகும். அவங்களை வெய்ன் வொண்டர் பாணியில பாதி வேகத்துல விடறது நல்லது. அஞ்சு பேரும் வேக நடையே பாடினா கேக்கறவங்களுக்கு மூணாவது பாட்டுலயே அலுத்துடும்.


கொழிஞ்சாம்பாறை_கீஸ்:

லீடு, பேடு, கார்டு மூணையும் கழட்டியாச்சு. கைடு இல்லாத ட்ராக் அஞ்சு பேருக்கும் போயிடுச்சு. மெட்டு இப்பவே பிரிய ஆரம்பிச்சிருக்கு.

ரெண்டு குரல் வந்திருக்கு, ரெண்டுலயும் கோளாறு. ஒண்ணு ப்ராஜெக்ட்ல போட்டா வேகமா ஓடுது, சுருதியும் ஏறி இருக்கு. இன்னொண்ணு சுருதி சரி, ஆனா முதல்ல இருந்து கடைசி வரை ஒரே மாதிரி கொஞ்சம் பின்தங்கியே வருது.


டெஸ்க்_பொள்ளாச்சி:

முதலாவது சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளந்து எழுதுதுங்கற கணக்கு) குழப்பம். 44.1 கிலோஹெர்ட்ஸ்ல பதிவான ஃபைலை உங்க 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட் மாத்தாம அப்படியே ஓட்டுது. வேகம் 8.8 சதவீதம் ஏறும், 100 பிபிஎம் 108.8 ஆகும், சுருதி கிட்டத்தட்ட ஒண்ணரை அரைஸ்வரம் ஏறும். அளந்து பாருங்க: அசல் 3 நிமிஷம் 2 செகண்ட்னா உங்க டைம்லைன்ல 2 நிமிஷம் 48 செகண்டுக்குப் பக்கமா இருக்கும். இழுத்து நீட்டிச் சரி பண்ணாதீங்க, குரல் தகரமாயிடும். ஃபைலோட உண்மையான ரேட் 44.1ன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லிட்டு, அப்புறம் 48க்கு கன்வெர்ட் பண்ணுங்க.

ரெண்டாவதுக்குக் காரணம் ரெண்டுல ஒண்ணு. ட்ராக்கை எம்பி3யா அனுப்பியிருந்தா என்கோடர் தலையில துளி மௌனத்தைச் சேர்த்துடும். இல்லைன்னா அங்க இன்டர்ஃபேஸ் லேட்டன்சி (ஆடியோ கருவி எடுத்துக்கற தாமதம்) ஈடுகட்டப்படலை. பஃபர் 1024ல வெச்சா 48 ரேட்ல ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட். 128ன்னா மூணுக்கும் கீழ. பின்தங்கல் ஒரே அளவா இருக்கறவரை கவலை இல்லை, முழு ஃபைலையும் முன்னால நகர்த்தினா போதும். போகப் போக அதிகமானாத்தான் தலைவலி. ட்ராக் ஒரு ஃபோன்ல ஓட, பதிவு வேற மெஷின்ல நடந்திருக்குன்னு அர்த்தம், ரெண்டு கடிகாரமும் ஒண்ணா ஓடாது. அதைத் திரும்பப் பாட வைக்கறதே சுலபம்.

இனி அனுப்பறப்ப இப்படி: வேவ், 24 பிட், 48. முதல் பாருக்கு முன்னால ஒரு பீப், கடைசி பார் முடிஞ்சதும் ஒரு பீப். திரும்பி வர்ற ஃபைல்ல அந்த ரெண்டு பீப்பும் இருக்கணும், நடுவுல மௌனமா இருந்தாலும் வெட்டாம முழு நீளம் வரணும். தலையையும் வாலையும் ஒப்பிட்டா எந்த வகைக் கோளாறுன்னு உடனே தெரியும். ட்ராக்கோட உச்சம் மைனஸ் 6 டெசிபல்ல நிக்கட்டும், லிமிட்டர் போடாதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமெண்டா அனுப்புங்க. ஆடியோவா போனா அமுக்கிடும்.

நீளத்துக்கு ஒரு அளவு: இன்ட்ரோ 4 பார், கொக்கி 8, சரணம் 16, கொக்கி 8, சரணம் 16, கொக்கி 8, பிரேக் 8, கொக்கி 8. மொத்தம் 76 பார், 3 நிமிஷம் 2 செகண்ட். இதை மீறக் கூடாதுன்னு இல்லை. கொக்கியை எங்க வேணும்னாலும் வைக்கட்டும். 4 பார் எல்லையில மட்டும் ஆரம்பிச்சா போதும், மேடையில வெட்ட அது அவசியம்.

குரல் பதிவுல முக்கியமான ஒண்ணு ஹெட்ஃபோன் கசிவு. சாதாரணப் பாட்டுல அது தெரியாது. டான்ஸ்ஹால் மிக்ஸ்ல ட்ராக்கைப் பட்டுனு நிறுத்திக் குரலை மட்டும் தனியா விடுவோம். அந்த ஒரு பார்ல மைக்ல புகுந்த கைதட்டு டிக் டிக்னு கேக்கும், மானம் போயிடும். மூடின ஹெட்ஃபோன், சத்தம் குறைவா, பாடறவருக்கு அனுப்பற கலவையில கைதட்டு மட்டும் 6 டெசிபல் கம்மி. மைக்கை வாயில இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, பாப் ஃபில்டர் போடுங்க.

மிக்ஸ்ல குரலுக்கு 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டு, கம்ப்ரெஸர் 4க்கு 1. கைதட்டுல 2500 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்கினா வரி தெளிவாகும். ட்ராக்கை அஞ்சு பாட்டுக்கும் ஒரே மாதிரி கலக்காதீங்க. பேச்சு நடைப் பாட்டுக்கு அங்கங்க ட்ராக்கை அறுத்து விடலாம். நீட்டிப் பாடறவருக்கு பேஸை அறுக்கவே கூடாது, அவர் நிக்கற தரையே அதுதான். மெல்லிய குரலுக்கு லூமிடி பாட்டுல செஞ்ச மாதிரி கைதட்டும் கிக்கும் மட்டும் விட்டுப் பாருங்க.


செலக்டர்_வாளையார்:

மேடைக்கு வரேன். ஒரே ரிதிம் பாட்டுகளை அடுத்தடுத்து ஓட்டறதுக்கு அங்க ஜக்லிங்னு பேர். ஒரு பாட்டுக்கு 16 பார், 38 செகண்ட். கூட்டம் எகிறினா 24 பார். அஞ்சு பாட்டுக்கு 24 பார் வீதம் வெச்சாலும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். அதனால வெறும் ட்ராக்கையும் வரிசையில வைங்க, அது மேல ஒருத்தர் நேர்ல மைக் பிடிக்கலாம்.

இங்க எல்லாரும் சறுக்கற இடம், ரெண்டு பாட்டையும் ஃபேடர்ல (சத்தத்தை ஏத்தி இறக்கற தள்ளுபிடி) கலந்து மாத்தறது. சாதாரண செட்ல அது நல்ல பழக்கம். ஒரே ரிதிம்ல விஷம். ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே கிக், ஒரே பேஸ். சரியா சேர்ந்தா சத்தம் 6 டெசிபல் குதிக்கும், பெட்டி உறுமும். சில மில்லிசெகண்ட் தள்ளினா ஒண்ணை ஒண்ணு தின்னு கைதட்டு குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். அதனால கலக்காதீங்க, வெட்டுங்க. ஒவ்வொரு பாட்டுலயும் கொக்கியோட முதல் அடியில க்யூ (தொடங்கற இடத்துக்கான குறி) வெச்சுட்டு, பார் தலையில ஃபேடரை ஒரே தள்ளு. வேகம் எல்லாத்துக்கும் ஒண்ணுங்கறதால கீ லாக்கை (வேகம் மாறினாலும் சுருதியை மாறாம பிடிக்கற வசதி) அணைச்சுடுங்க. தேவையில்லாம குரலைச் சொரசொரப்பாக்கும்.

வரிசையில நீட்டிப் பாடற பாட்டை ரெண்டு வேக நடைக்கு நடுவுல வைங்க. பெண் குரலை முதல்லயே விட்டுடாதீங்க. நாலு பார் இன்ட்ரோ அடையாளம் ஒரே ஒரு தடவைதான், ஆரம்பத்துல. பாட்டுக்குப் பாட்டு அதையே போட்டா அலுத்துடும்.

10 மணிக்கு ஒலிபெருக்கி நிக்கணும்ங்கறது கேரளாவுலயும் தமிழ்நாட்டுலயும் ஒரே மத்தியச் சட்டம்தான். விழாவுக்கு நள்ளிரவு வரை தளர்வு வேணும்னா அரசு வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கொடுக்க முடியாது, அந்த நாள் எதுன்னு கமிட்டிகிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க. செட்டை 9:30க்குள்ள வைங்க.


கொழிஞ்சாம்பாறை_கீஸ்:

ரொம்ப உபயோகமா இருக்கு எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு. ஆறாவதா டிவாலி ட்ராக் மேலயே நம்ம பாடகர் ஒருத்தர் பாடி யூட்யூப்ல போட்டா பரவாயில்லையா? வெறும் ட்ராக்கையும் வெளியிடணுமா?


டெஸ்க்_பொள்ளாச்சி:

டிவாலி மேல பாடி ஏத்தினா அந்தப் பதிவுக்கு உரிமை உள்ளவங்க பக்கத்துல இருந்து க்ளெய்ம் வரும், வருமானம் அங்க போகும், இல்லைன்னா வீடியோவே மறையும். ட்ராக்கை நீங்களே திரும்ப வாசிச்சாலும் பத்திரம்னு நினைச்சுடாதீங்க. ஜமைக்கா தயாரிப்பாளர்கள் ஸ்டீலி அண்ட் க்ளீவியோட ஃபிஷ் மார்க்கெட் தாளத்தை எடுத்துக்கிட்டாங்கன்னு 2021ல கலிஃபோர்னியாவுல பெரிய வழக்கு போட்டாங்க. ஆரம்பத்துலயே தள்ளுபடி பண்ணச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்டதை 2024ல நீதிபதி ஏத்துக்கலை. மேடையில அடுத்தவங்க பாட்டு ஓட்டறதுக்கு ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதினவங்க உரிமை), பிபிஎல் (பதிவு உரிமை) உரிமம் விழா நடத்தறவங்க எடுக்கணும். உங்க சொந்த ரிதிமே போதும்ங்க.


செலக்டர்_வாளையார்:

வெறும் ட்ராக்கைக் கண்டிப்பா வெளியிடுங்க. 45 இசைத்தட்டு காலத்துல ஏ பக்கம் பாட்டு, பி பக்கம் வெர்ஷன், அதாவது வெறும் ட்ராக். ஜமைக்கா டீஜே யூ ராய் 1970ல ட்ரெஷர் ஐல் கம்பெனியோட பழைய பாட்டுகளை அடியில வெச்சு, அது மேல பேசிப் பாடித்தான் டீஜே பாட்டையே ஹிட்டாக்கினார். 1974ல ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிதிம்ல ஒரு ஆல்பம் முழுக்கப் போட்டார். வெறும் ட்ராக் வெளியில இருந்தாத்தான் ஆறாவது, ஏழாவது குரல் வரும்.

ரிதிமுக்கு முதல்ல ஒரு பேர் வைங்க. அஞ்சு பாட்டோட தலைப்புலயும் பாட்டுப் பேருக்குப் பின்னால அந்த ரிதிம் பேர் ஒரே எழுத்துக்கூட்டல்ல வரணும். தமிழ்ல ஒரு மாதிரி, மலையாளத்துல ஒரு மாதிரி, இங்கிலீஷ்ல மூணு மாதிரி எழுதினா தேடறவனுக்கு அஞ்சும் ஒண்ணா கிடைக்காது. வெளியிடறது அஞ்சும் ஒரே நாள்ல, வெர்ஷன் ஒரு வாரம் கழிச்சு. முன்னாடியே விட்டா உங்க பாட்டு வர்றதுக்குள்ள வேற எவனாவது அது மேல பாடி ஏத்திடுவான்.


கொழிஞ்சாம்பாறை_கீஸ்:

பேருக்கு இப்பவே இங்க அடிதடி நடக்குதுங்க. சேட்டன் பஞ்சாரி ரிதிம்னு வைக்கலாம்ங்கறார்.


ஆக்டோபேட்_மீனாட்சிபுரம்:

ஆறு அட்சரமே இல்லாத ட்ராக்குக்கா? வேண்டாம்னு சொல்லுங்க, மேளக்காரங்க அடிக்க வருவாங்க.